நம்பர் போட்ட நோட்டீஸ்

2005ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மேல்காற்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பஸ் நிலையத்துப் புழுதி முழுவதையும் வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. மரக்காணத்தில் திண்டிவனம் சாலையோரம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் உண்டு. அதன் வாசலில் நான் ஆட்டோவை விட்டு இறங்கினேன். சுற்றுச்சுவர் நெடுக ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை.

இறங்கிய இடத்திலேயே நின்று எண்ணினேன். நூற்று அறுபத்து நான்கு பேர். எங்கள் ஓவியக் கண்காட்சி பத்து மணிக்குத்தான் திறப்பதாக இருந்தது.

அந்த வரிசையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் ஏழெட்டு நிமிடம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தது கோபம். அது இன்னும் போகவில்லை. யார் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் உப்பு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு வாட்டர் கலர் பழகினேன். என்னைப் போலவே படம் போடுகிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். பெருமுக்கலில் ஒருவர், வானூரில் இரண்டு பேர், கோட்டக்குப்பத்தில் ஒருவர். ஐந்தாவது ஆள் எங்கள் ஊர் டிராயிங் மாஸ்டர். ஆறு பேரில் உண்மையான ஓவியர் அவர் ஒருவர்தான். இதை மற்ற நான்கு பேரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாஸ்டர் முப்பத்தொரு வருடம் மரக்காணத்துப் பிள்ளைகளுக்குப் பூந்தொட்டியும் கிளியும் வரையக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் அவர் போட்டு வைத்திருந்த படங்கள் வேறு. உப்பளம், கால்வாய், மழைக்கு மூடிய உப்புக் குவியல், வெயிலில் ஆள் இல்லாத பாத்தி. அவற்றை ஊரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. முந்தின வருடம் பொம்மையார்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கூடத்தில் எங்கள் படங்களை மாட்டினோம். வந்தவர்கள் இருபத்தேழு பேர். அதில் இருபத்து மூன்று பேர் வெளிநாட்டுக்காரர்கள். மிச்சம் நான்கில் ஒருவர் வாட்ச்மேன்.

அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் மாஸ்டர் சொன்னார்: "சார், அடுத்தது நம்ம ஊர்ல வெப்போம். நான் பாடம் எடுத்த புள்ளைங்க, அதுங்க அப்பா அம்மா, ஒரு அம்பது பேரு நின்னு பாத்தா எனக்குப் போதும். அதுக்கப்புறம் நான் படத்த எவன்கிட்டயும் காட்ட வேணாம்."

"அம்பது பேரை நான் கொண்டாறேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? முதலில் பத்திரிகை. எங்கள் பகுதிக்கு ஒரு நாளிதழின் செய்தியாளர் இருந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். செய்தி எழுதுவது மாலையில், ஜெராக்ஸ் எடுப்பது நாள் முழுவதும். ஜூன் மாதத்தில் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் நிற்க வைத்தே பேசினார்.

"படம் வரையறது எல்லாம் நியூஸ் இல்ல சார்."

"ஆறு பேர் சேர்ந்து வைக்கிறோம். இந்த ஊர்ல இதுவரைக்கும் நடந்ததே இல்ல."

"நடந்ததே இல்லன்றது நியூஸா சார்? யார் தொறந்து வெக்கிறா?"

"யாரும் இல்ல. கதவைத் தொறந்தா தொறந்ததுதான்."

சிரித்தார். "எம்.எல்.ஏ.வக் கூப்புடுங்க, போட்டோவோட போட்டுடறேன். இல்லன்னா கால் பக்கம் விளம்பரம் குடுங்க. ரெண்டும் இல்லன்னா நான் இன்னாத்த எழுதறது, சொல்லுங்க. ஏதாவது ஒரு பிரச்சன இருக்கணும் சார். அடிதடி, மறியல், அது மாதிரி."

இரண்டு வரி கேட்டேன். இரண்டே வரி. அதற்கும் இடம் இல்லை என்றார்.

அடுத்தது உள்ளூர் கேபிள் டி.வி. சினிமாப் பாட்டுக்கு அடியில் எழுத்து ஓடும். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை. எங்கள் பகுதிக்குக் கரண்ட் கட் இரண்டிலிருந்து மூன்று வரை. கேபிள்காரனைக் கேட்டால், "அந்த டைம்தான் சார் ஃப்ரீயா இருந்துச்சு" என்றான். ஏன் ஃப்ரீயாக இருந்தது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆக மிச்சம் இருந்தது மைக் கட்டிய ஆட்டோவும் நோட்டீஸும்.

முந்நூறு நோட்டீஸ் அடித்தேன். நல்ல மஞ்சள் தாள். ஆபீசில் கழித்துப்போட்ட பழைய நம்பரிங் மிஷின் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தேன். அதை வைத்து ஒவ்வொரு நோட்டீஸிலும் மேல் மூலையில் நம்பர் குத்தினேன். ஒன்றிலிருந்து நூறு வரை கடற்கரைக் குப்பங்களுக்கு. நூற்றொன்றிலிருந்து இருநூறு வரை உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் காலனிக்கு. மிச்சம் கடைத்தெருவுக்கு. அடியில், 'இந்த நோட்டீஸைக் கையோடு கொண்டு வரவும்' என்று ஒரு வரி. வாசலில் வாங்கிப் பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். அடுத்த கண்காட்சிக்கு எங்கே செலவு செய்யலாம், எங்கே வேண்டாம் என்று சொல்லலாம். இதில் என்ன தவறு? இன்று கேட்டாலும் அந்த முறை சரியான முறைதான்.

வெள்ளிக்கிழமை நோட்டீஸைக் கொடுத்துக்கொண்டே மைக் ஆட்டோ போயிற்று. நான் எழுதிக்கொடுத்ததை ஓட்டுபவர் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. முன்னால் மட்டும் தன் வழக்கப்படி, 'பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு' என்று சேர்த்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தானே ஆரம்பிக்கிறார்கள்.

மண்டபத்து வாசலில் அந்த வரிசையைப் பார்த்ததும் நேராக உள்ளே போனேன். மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தன் பதினொரு படத்தையும் ஏற்கனவே மாட்டி முடித்திருந்தார்.

"மாஸ்டர், அம்பது கேட்டீங்களே. வெளிய வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வரிசையின் முன்னால் நின்ற அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். காலனியைச் சேர்ந்தவள். ஒரு கையில் என் மஞ்சள் நோட்டீஸ், நம்பர் 117. இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. தோளில் மடித்துப் போட்ட யூரியா சாக்கு. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், ரேஷன் கார்டு ஒரிஜினல் காட்டணுமா, ஜெராக்ஸே போதுமா?"

"ரேஷன் கார்டு எதுக்கும்மா?"

"எதுக்கா?" பின்னால் திரும்பினாள். "நல்லா கேக்குறாரு பாருடி. எதுக்குன்னு." பிறகு என்னிடம்: "அரிசியா, காசா சார்? காலனிக்கு இப்பத்தான் மொத மொதல்ல டோக்கன் வந்திருக்குது."

அப்போதுதான் வரிசையை இரண்டாம் தடவை பார்த்தேன். எல்லார் கையிலும் ரேஷன் கார்டு. எல்லார் தோளிலும் சாக்கு.

சுனாமி வந்து ஆறரை மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறரை மாதமும் இந்தக் கரையில் நடந்தது என்ன? மைக் ஆட்டோ வரும். முக்கிய அறிவிப்பு என்பார்கள். நம்பர் போட்ட சீட்டு கொடுப்பார்கள். சீட்டையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மண்டபத்து வாசலில் வரிசையில் நின்றால் அரிசி, பாத்திரம், போர்வை. நம்பர் இல்லாத சீட்டுக்கு ஒன்றும் கிடையாது. நோட்டீஸில் கண்காட்சி என்று போட்டிருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. போர்வை கொடுத்தவர்களும் முதலில் ஏதோ ஒரு விழா என்றுதான் போட்டிருந்தார்கள். இதை ஊரில் இருந்த அத்தனை பேரும் அறிவார்கள். மைக் ஆட்டோக்காரருக்குத் தெரியாதா? அவர்தானே எல்லாவற்றுக்கும் போனார்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நாற்காலி ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சத்தமாகச் சொன்னேன். இது நிவாரணம் இல்லை. இது ஓவியக் கண்காட்சி. உள்ளே படங்கள் இருக்கின்றன. வந்து பார்க்கலாம். காசு கிடையாது.

"இன்னா படம்?" என்றது ஒரு குரல்.

"கையால வரைஞ்ச படம்."

"டோக்கன் குடுத்து வரச்சொல்லிட்டு படம் காட்றாராம்டி!"

"இறங்கு பெருசு, கீழ விழுந்துடப் போற. அப்புறம் உனக்கு நாங்க நிவாரணம் குடுக்கணும்."

ஆண்கள் வரிசையில் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு மாஸ்டரிடம் போனாள். அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவர் பாடம் எடுத்திருக்கிறார்.

"வாத்தியாரே, நோட்டீஸ்ல உங்க பேரு இருக்குதுன்னு என் பையன் படிச்சுச் சொன்னான். வாத்தியாரு இருந்தா ஏமாத்து வேலையா இருக்காதுன்னு நான்தான் இத்தினி பேர கூப்ட்டாந்தேன். குப்பத்துக்கு எல்லாம் குடுத்தாங்க. எங்களுக்கு அலை வரலன்னுட்டாங்க. அளத்துல மூணு மாசம் வேல இல்லாம கெடந்தோமே, அது அலை இல்லையா? இன்னிக்குப் போய் டோக்கன்னு நம்பி கூலிய விட்டுட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

மாஸ்டர் அவள் நோட்டீஸை வாங்கித் தன் பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் ஃப்ளாஷ் அடித்தது. செய்தியாளர்! மொபெட்டைக்கூட நிறுத்தாமல் அதன்மேல் உட்கார்ந்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். மணி பத்து. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர் கடையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குக் கூட்டம். எதற்கு என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு மண்டபத்தில் நிவாரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் நோட்டீஸையும் காட்டியிருக்கிறார்கள். அது என்ன நோட்டீஸ் என்று அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று தடவை அவர் எதிரில் நின்றவன் நான். அவர்களிடமும் சொல்லவில்லை, எனக்கும் போன் செய்யவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, காலையில் கேமராவில் ஃபிலிம் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பதினொன்றரைக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். போகும்போது யாரோ எங்கள் பேனரை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். படம் பார்க்க உள்ளே நுழைந்தவர் ஒருவரும் இல்லை. மற்ற நான்கு ஓவியர்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் தன் படங்களை ஆணியிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன மாஸ்டர் செய்றீங்க? நாளைக்கும் இருக்குது கண்காட்சி."

"அவங்க கூலிய குடுத்துடுங்க. அப்புறம் மாட்றேன்."

"நாம என்ன ஏமாத்தினோமா?"

"நீங்க ஏமாத்தல சார். நம்பர் போட்டீங்க."

"நம்பர் போட்டா குத்தமா? ஆபீஸ்ல..."

"இது ஆபீஸ் இல்ல சார். அந்தப் பொம்பள மூஞ்ச பாத்தீங்களா? இனிமே நான் அந்தத் தெருவுல எப்படி சைக்கிள்ல போவேன்?"

என் பக்கத்தில் நியாயம் இருந்தது. கூலி கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. பதினொரு படத்தையும் ஒரு போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டார். என் மேல் அவருக்கு அவ்வளவு கோபம் என்றால், அவர் மேல் எனக்கு அதைவிட ஒரு பங்கு அதிகம் இருந்தது. முப்பத்தொரு வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் ஒரு நாள் நிற்கத் தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமைக் காலை பத்திரிகையில் வந்துவிட்டது. 'நிவாரணம் தருவதாக டோக்கன்: ஓவியர்களை முற்றுகையிட்ட மக்கள்.' நாற்காலிமேல் நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோ. இரண்டு வரிக்கு இடம் இல்லாத பத்திரிகையில் முப்பத்து நான்கு வரி.

அதைப் படித்துவிட்டு ஊரே வந்தது. பதினோரு மணிக்குள் எழுபத்து மூன்று பேர். கடைக்காரர்கள், பேங்க் குமாஸ்தா, தபால்காரர், குடும்பத்தோடு வந்தவர்கள். ஏமாற்றுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள், அதை நான் மறுக்க முடியாது. ஆனால் உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம வாத்தியார் போட்ட படம் எது சார்?"

பதினொரு ஆணி அடித்த வெறும் சுவரை எத்தனை தடவை காட்டுவது? எழுபத்து மூன்றாவது ஆள் கேட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் பீரோவில் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. மழைக்கு முன்னால் மொட்டைமாடிக்குத் தளம் போட வைத்தது. என் மனைவி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் பத்திரிகை படித்திருந்தாள்.

"ஏங்க, எவ்ளோ பேரு?"

"நூத்தி அறுபத்து நாலு."

"குடுத்துத் தொலைங்க. தளம் அடுத்த வருஷம் போட்டுக்கலாம். வாத்தியார் வீட்டம்மா காலைல வந்து அழுதுட்டுப் போறாங்க. அவரு ராத்திரி சாப்பிடலையாம்."

மற்ற நான்கு ஓவியர்களிடம் பங்கு கேட்டேன். வானூர்க்காரர் சொன்னார்: "மண்டப வாடகைல எங்க பங்க குடுத்துட்டோம். நம்பர் போட்டது நீங்க."

உப்பளத்தில் அப்போது பெண்களுக்குக் கூலி அறுபது ரூபாய். ஆளுக்கு அறுபது என்று முடிவு செய்து மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். அவர் உள்ளே போய்ப் படக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மண்டபத்துலயே வெச்சுக் குடுப்போம் சார். உள்ள, கடைசிச் சுவத்துல. என் படத்துக்குப் பக்கத்துல மேசைய போடுங்க."

அதே மைக் ஆட்டோ மறுபடியும் போயிற்று. நேற்று நோட்டீஸோடு வந்தவர்களுக்கு ஒரு நாள் கூலி, நான்கு மணிக்கு, மண்டபத்தில். ஆட்டோக்காரர் கிளம்பும்போது, "இந்த தடவயாச்சும் நெஜமா சார்?" என்று கேட்டார்.

நான்கு மணிக்கு வரிசை நின்றது. எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

"மாஸ்டர், நேத்து வந்தது நூத்தி அறுபத்து நாலு. நாப்பத்தெட்டு பேரு அதிகம்."

"நேத்து வராதவங்க இன்னிக்கு வந்திருக்காங்க. நோட்டீஸ் நாம குடுத்ததுதானே? படம் பாக்கத்தானே கூப்ட்டோம்?"

"கூலி நேத்து வந்தவங்களுக்குத்தான்."

"யாரு நேத்து வந்தாங்கன்னு சொல்லுங்க. மத்தவங்கள நான் அனுப்பிடறேன்."

நம்பர் எல்லா நோட்டீஸிலும் இருந்தது. நேற்று எந்த நம்பர் வந்தது என்று குறித்துக்கொள்ள எனக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் அறுபது ரூபாய், நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு. பெரும்பாலானவர்கள் நோட்டை எண்ணிக்கொண்டு நேராக வெளியே போனார்கள். சிலர் நின்றார்கள். நம்பர் 117 அம்மாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மாஸ்டர் படம் ஒன்றின் முன்னால் நின்றாள். காலைப் பொழுதில் ஆள் இல்லாத பாத்தி, கடைசியில் ஒரு குவியல்.

"இது எங்க அளந்தானே வாத்தியாரே?"

"ஆமாம்மா."

"கீழ இன்னா, ஆயிரத்தி ஐந்நூறுன்னு எழுதியிருக்குது?"

"அது வெல."

"அடேயப்பா! மொத்த குவியலுக்கே எவனும் இவ்ளோ குடுக்கல." சிரித்தாள். முதல் நாள் அவ்வளவு நேரத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஆனா ஒரு ஆளுகூட இல்லயே. நாங்கல்லாம் எங்க போனோம்?"

"சாப்புடப் போயிருந்தீங்க" என்றார் மாஸ்டர்.

"அப்ப சரி" என்று அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஏழெட்டுப் பேர் தங்கள் பாத்தி எது என்று தேட ஆரம்பித்தார்கள்.

இரண்டு தடவை செய்தியாளருக்குப் போன் செய்தேன். கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம், வந்து அதையும் எழுதுங்கள் என்றேன். "முடிஞ்சுபோன பிரச்சன நியூஸ் இல்ல சார்" என்று வைத்துவிட்டார்.

ஆறரை மணிக்குக் கதவைச் சாத்தினோம். மாஸ்டர் தன் படங்களைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "காலனிலேருந்தும் குப்பத்துலேருந்தும் மட்டும் அம்பதுக்கு மேல பாத்தாங்க சார்."

"முப்பத்தெட்டு" என்றேன். காசு வாங்கிக்கொண்டு போனவர்களைக் கழித்துவிட்டு, படத்தின் முன்னால் நின்றவர்களை மட்டும் நான் எண்ணியிருந்தேன்.

"உங்களுக்கு எண்ணத் தெரியல சார்" என்றார். பேனரும் இல்லாத, குப்பையும் சாக்குத் தூசியுமாகக் கிடந்த அந்த மண்டபத்தில் சிரித்துக்கொண்டே போர்வையைச் சுற்றினார். அவருக்குத் திருப்தி. இரவு சாப்பிட்டார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். எனக்குத்தான் இறங்கவில்லை. அன்று முதல் அந்தச் செய்தியாளரிடம் நான் ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்ததில்லை. திண்டிவனம் போய் எடுக்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் மழை எப்படிப் பெய்தது என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நான்கு இடத்தில் ஒழுகியது. பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாளில், மண்டப வாடகையில் என் பங்கு நீங்கலாக, கணக்கை முடித்தேன். கூலி பன்னிரண்டாயிரத்து எழுநூற்று இருபது, மைக் ஆட்டோ இரண்டு நாளுக்கு எழுநூறு, நோட்டீஸ் நானூற்று இருபது, கரண்ட் இல்லாத நேரத்தில் ஓடிய கேபிளுக்கு இருநூறு, செய்தித்தாள் மூன்று பிரதி ஒன்பது ரூபாய், செய்தியாளருக்குச் செய்த இரண்டு போன் இரண்டு ரூபாய். ஆக மொத்தம் பதினான்காயிரத்து ஐம்பத்தொரு ரூபாய்.